வட்டமாய்த் தேய்ந்த இடம்

கண்ணு,

கடிதம் என்றால் 'இங்கு எல்லாரும் நலம்' என்று ஆரம்பிக்க வேண்டும் என மூன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் படித்தது அதுவரைக்கும்தான். எல்லாரும் என்று எழுத இப்போது இந்த வீட்டில் ஆள் இல்லை. நான் ஒருத்தி இருக்கிறேன். பசித்தால் சாப்பிடுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். புரியவில்லை என்று மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. மெதுவாக நீயே படி. நான்கு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. பதிந்து வைத்திருந்த கார் வந்துவிட்டது, வெளிர் நீல நிறம், பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். 'அப்பா அந்தக் கறுப்புக் காரைப் பதின்மூன்று வருஷம் புதுசு போல வைத்திருந்தார். எதனால் கழுவினார், எதனால் துடைத்தார், சீட்டை எப்படிப் பார்த்துக்கொண்டார், தெரிந்ததை எழுதுங்கள்' என்று கேட்டிருந்தாய். அப்பாவைப் பற்றி நீயாக ஒரு வார்த்தை கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. இதை அவர் இருக்கும்போதே கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அப்புறம் அந்த நினைப்புக்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று விட்டுவிட்டேன். கடிதத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. 'பாப்பா பலப்பத்தால் கார்க் கதவில் கோடு இழுத்துவிட்டாள். அடித்துவிட்டேன். இரண்டு நாளாகக் கிட்டே வரமாட்டேன் என்கிறாள்.' அந்த இரண்டு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தண்ணீர். பாலக்கோட்டில் நம் கிணற்றுத் தண்ணீர் உப்பு, உனக்குத் தெரியும். அண்டாவில் பிடித்து வைத்தாலே ஓரத்தில் வெள்ளையாகப் படியும். கார் வந்த முதல் வாரம் அப்பா அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டார். கறுப்புக் காருக்கு அம்மை போட்டது போல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அன்றிலிருந்து மழைத் தண்ணீர்தான். மழை இல்லாத மாதங்களில் ஏரித் தண்ணீர் இரண்டு பீப்பாய் மாட்டு வண்டியில் வரும், துணியில் வடிகட்டிக்கொள்வார். "ஊருல குடிக்கத் தண்ணியில்ல, இவரு காருக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டறாரு" என்று தெருவே சிரித்தது. அவர் காதில் வாங்கவில்லை. வெயிலில் கழுவக் கூடாது. காலையில், நிழலில் கழுவ வேண்டும். தூசி இருக்கும்போது காய்ந்த துணி படவே கூடாது, முதலில் தண்ணீரை விட்டுத் தூசி ஓட வேண்டும். "தூசின்னா என்ன, மணலு. மணல வச்சுத் தேச்சா அது உப்புத்தாளுதான்" என்பார். காக்கை எச்சம் விழுந்தால் அப்போதே எடுக்க வேண்டும், ஒரு வெயில் பட்டால் போதும், பெயிண்டைத் தின்றுவிடும். வாழ்நாள் முழுக்கப் புளி மண்டி நடத்திய மனிதர், ஒரு நாள்கூடக் காரைப் புளியமரத்தடியில் நிறுத்தியதில்லை.

உள்ளே தரைக்குச் சாக்கு வெட்டிப் போட்டிருப்பார். வாரம் ஒரு தடவை எடுத்து உதறி வெயிலில் போடுவது என் வேலை. சீட்டில் தலை படும் இடத்தில் துண்டு. எண்ணெய்த் தலைக்கு இந்த ரெக்சின் ஆகாது, கறுத்துப்போகும். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தப்புப் பண்ணினார். கடையிலிருந்து வரும்போது சீட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருந்தது. அதை எடுக்கவே விடவில்லை. உன் அத்தை, அவருடைய அக்கா, பொம்மிடியிலிருந்து வந்திருந்தாள். காலைக் கழுவிவிட்டு ஏறு என்றார். "ஏண்டா தம்பி, இது காரா கோயிலா? காலக் கழுவிட்டேன், தேங்கா பழமும் வாங்கியாரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். தருமபுரி போய்த் திரும்பி வந்து இறங்கும்போது, "உக்காந்தா முதுவு ஒட்டிக்கிது, எந்திரிச்சா தோலு உரிஞ்சிக்கிட்டு வருது. ஊருக்கு நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன் சாமி" என்றாள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். ஒன்றரை வருஷம் கழித்து அந்த உறையை எடுத்தபோது அடியில் வேர்வையும் ஈரமும் தங்கிப் பூஞ்சை பூத்திருந்தது. அந்த நாற்றம் போக மூன்று மாதம் ஆனது. உன் காரில் அப்படி உறை இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு. குழந்தை பாலைக் கொட்டினால் ஈரத் துணியால் எடுத்துவிட்டு நான்கு கதவையும் திறந்து காற்றாட விடு. பலப்பக் கோடு தண்ணீருக்குப் போய்விடும். கொஞ்சம் ஆழமாக விழுந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைக்கு விழுந்த அடி எந்தத் தண்ணீருக்குப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் உனக்கு எப்போதோ செய்திருப்பேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்தது.

சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமான அடுத்த வருஷம் அந்தக் கார் வந்தது. நீ எட்டாவது படித்தாய். மெட்ராஸுக்குப் போய் எடுத்து வர அப்பா உன்னைத்தான் கூட்டிப் போனார். வரும் வழியெல்லாம் நீ மைல்கல்லை எண்ணிக்கொண்டு வந்தாயாம், எண்ணிக்கை தவறினால் அப்பா வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்டினாராம். இரண்டு பேரும் வந்து இறங்கினபோது ஒரே வயசுப் பையன்கள் போல இருந்தீர்கள். நான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். "மஞ்சத் தண்ணி வண்டி மேல பட்டுறப் போவுது, தள்ளி நில்லு புள்ள" என்றார். நான் தள்ளி நின்றே சுற்றினேன். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. மண்டியில் தராசுக்கு வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிறோம், இரும்புப் பெட்டிக்கு வைக்கிறோம், உலக்கைக்கு வைக்கிறோம். ஊர்க் கண்ணெல்லாம் படுகிற இதற்கு மட்டும் ஒரு பொட்டு இல்லையே என்று இருந்தது.

நாலு மாதம் போயிருக்கும். அப்பா மெட்ராஸுக்குச் சரக்கு விஷயமாகப் போக வேண்டியிருந்தது. புது வண்டியை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோனால் எவனாவது இடித்துவிடுவான் என்று காரைக் கொட்டகையில் போர்த்திவிட்டு மொரப்பூர் போய் ரயில் ஏறினார். மறுநாள் வெள்ளிக்கிழமை. நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். நான் போர்வையை விலக்கி, பானட் மேலே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசி நடுவில் குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். சாயங்காலம் துடைத்துவிடலாம் என்று இருந்தவள், மண்டியில் புளி தட்டுகிறவர்களுக்குச் சோறு ஆக்கின வேலையில் மறந்துவிட்டேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் மஞ்சள் காய்ந்து உதிர்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். பொட்டு வைத்த இடம் மட்டும் ரத்தம் கட்டியது போலச் சிவந்து நின்றது. சோப்புப் போட்டேன், போகவில்லை. அடுத்த நாள் அவர் வருகிறார்.

எனக்குக் கறை எடுக்கத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான் கண்ணு. பித்தளைக் குடத்தில் கறை பிடித்தால் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். ஒரு கை புளி, ஒரு கை சாம்பல், தேங்காய் நார். முதலில் மெதுவாகத்தான் தேய்த்தேன். கொஞ்சம் விட்டுக் கொடுத்தது போலத் தெரிந்ததும் கை தன் வேலையைப் பார்த்தது. அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றினேன். சிவப்பு போய்விட்டது, ஈரத்தில் கண்ணாடி போல இருந்தது. அப்பாடா என்று சாமியைக் கும்பிட்டேன். பிறகு அது காய்ந்தது. காயக் காய முறம் அகலத்துக்குச் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. மறுபடி ஈரம் பண்ணினால் கறுப்பு, காய்ந்தால் வெளுப்பு. நாலு தடவை தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, போர்வையைப் போர்த்திவிட்டு, போய் உலை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத பாதியைச் சொல்கிறேன். கைப்பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நேரே கொட்டகைக்குத்தான் போனார். "யாருடா தொட்டது இத?" என்ற சத்தம் கேட்டது. அதற்கு முந்தின வாரம்தான் கதவுத் தூசியில் நீ விரலால் பேர் எழுதித் திட்டு வாங்கியிருந்தாய். அதனால் அவருக்கு வேறு யார் மேலும் சந்தேகமே வரவில்லை. "நான் இல்லப்பா" என்றாய். புளியம் விளாறு வாசலிலேயே கிடந்தது, அதற்கு நம் வீட்டில் என்றைக்குப் பஞ்சம். நீ ஓடவில்லை. "நான் இல்லப்பா, நான் இல்லப்பா" என்று ஒரே பேச்சு. நான் அடுப்படி வாசலில் நின்றேன். என் நகக்கண்ணில் சாம்பல் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். எனக்குத் தெரியும் என்று நினைத்துப் பார்க்கவில்லை, அம்மா வந்து தடுப்பாள் என்றுதான் பார்த்தாய். நான் முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அடிக்குப் பயந்து என்று எழுதினால் அது பொய். அவர் ஒரு நாளும் என் மேல் கை வைத்ததில்லை. 'படிக்காதவள்' என்று ஒரு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயந்தேன். புளி மண்டிக்காரன் பெண்டாட்டி புதுக் காரைப் புளி போட்டுத் துலக்கினாளாம் என்று பாலக்கோடு முழுக்கப் பேசுவார்கள், உன் அத்தை பொம்மிடி வரைக்கும் கொண்டுபோவாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது என்று இருந்தது. நீ சின்னப் பையன், நாலு நாளில் மறந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அப்பா அன்றைக்கு அடித்ததோடு விடவில்லை. "வண்டி போனாப் போவுது. செஞ்சத ஒத்துக்க மாட்டேங்கறான் பாரு, அதான் எனக்கு ஆவல" என்று உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நீயும் சாப்பிடவில்லை. இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் நான் தட்டோடு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒத்துக்க கண்ணு. தெரியாம செஞ்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. அப்பா விட்டுருவாரு." நீ, "நான் செய்யலம்மா, எப்படிச் சொல்றது?" என்றாய். "எனக்காவச் சொல்லு சாமி" என்றேன். நீ எழுந்துபோய்ச் சொன்னாய். ஒரு தப்புச் செய்ததோடு, அதை நீ செய்ததாக உன் வாயாலேயே சொல்ல வைத்தேன் கண்ணு. மூன்று நாள் பொய் சொன்ன பிள்ளை வீட்டில் இருந்தால் கெட்டுப்போவான் என்று அப்பா அந்த ஜூன் மாதமே உன்னைச் சேலத்தில் விடுதியில் சேர்த்துவிட்டார். பஸ் ஏறும்போது நீ அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அதற்கப்புறம் நீ அந்தக் காரில் ஏறியதே இல்லை. விடுமுறைக்கு வந்தால் பஸ்ஸில் வருவாய். அத்தை உன்னைச் 'சொரண்டி' என்று கூப்பிட ஆரம்பித்தாள், மற்றவர்களுக்கும் அது பேராகிவிட்டது. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காருக்குத்தான் பூ கட்டினார்கள். "மாப்பிள்ளையப் பின்னாடி உக்கார வைங்க, முன்னாடி வச்சா இன்னும் கொஞ்சம் சொரண்டிருவான்" என்று அத்தை சொல்ல, பெண் வீட்டார் எதிரில் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே, "கோயிலு பக்கந்தான, நடந்தே வரேன்" என்று ஏறாமலே விலகிவிட்டாய். மாலையோடு நீ வெயிலில் நடந்தாய், உன் பின்னால் பின் சீட்டு காலியாகக் கார் ஊர்ந்து வந்தது. அப்பா ஓட்டிக்கொண்டு வந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தாரை தப்பட்டைச் சத்தத்தில் காதில் விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு கட்டிலை ஜன்னல் ஓரம் போடச் சொன்னார், கொட்டகை தெரிகிற ஜன்னல். ஒரு நாள் காலையில், "இந்தா, தூசி ஏறிக் கெடக்குது, நீயே கொஞ்சம் தொடச்சு விடு" என்றார். பதின்மூன்று வருஷத்தில் என்னைத் தொடச் சொன்னது அன்றைக்குத்தான். தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்தேன். "அழுத்தாத" என்றார் உள்ளேயிருந்து. எனக்குக் கை நின்றுவிட்டது. ஜன்னல்கிட்ட வந்து நின்று, "ஏங்க, அன்னைக்கு இதத் தேச்சது நான்தாங்க" என்றேன். பொட்டு வைத்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். "அவன் ஒத்துக்கிட்டானே" என்றார். "நான் சொல்லித்தாங்க ஒத்துக்கிட்டான்." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குக் கஞ்சி குடிக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். 'படிக்காதவள்' என்றாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் கூப்பிட்டார். "அவன் கார் பதிஞ்சிருக்கானாமே. வந்தா புதுத் துணியில தொடைப்பான், கோடு விழும். என் பழய வேட்டி ரெண்ட எடுத்து வையி." சரி என்றேன். "அவனுக்கு நீயே எழுதிப்போடு. நான் எழுதுனா என்னான்னு எழுதறது?" என்றார். அதற்குப் பிறகு எட்டு நாள் இருந்தார். நான் எழுதவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். நீ கொள்ளி வைக்கத்தான் வந்தாய். பதினாறு நாள் இந்த வீட்டில் இருந்தாய், அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய், அப்போதும் சொல்லவில்லை. ஏழு மாதம் ஆகிறது. பாப்பாவை அடித்துவிட்டேன் என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் ஏழு வருஷம்கூட ஓட்டியிருப்பேன். என்னை நான் அறிவேன்.

அவருடைய துணியெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தை மூட்டை கட்டினபோது இரண்டு வேட்டியை அரிசிக் குதிரில் ஒளித்து வைத்தேன். எட்டுத் துண்டாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். கரையைக் கிழித்து எடுத்துவிட்டேன், ஜரிகை பட்டால் கீறும். துவைத்துத் துவைத்து நூல் மெலிந்த துணி. காரை முதலில் நனைத்துக்கொண்டு துடை. அழுத்தாதே.

இன்னொன்று. கறுப்புக் காரை விற்றுவிடலாம் என்று அத்தை மகன் ஆள் கூட்டி வந்தான். பானட்டுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் நல்ல விலை போகும் என்றார்கள். பெயிண்டும் வேண்டாம், என் பிள்ளை வந்து பார்க்கும் வரைக்கும் விற்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ அந்த இடத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை, பார்க்க உன்னை விடவும் இல்லை. சின்னப் பையன் சுரண்டினால் கோடு விழும். அங்கே ஒரு கோடுகூடக் கிடையாது. வட்டம் வட்டமாக இருக்கும், குடம் துலக்கின மாதிரி. அப்பா ஒரு நாளும் பாத்திரம் துலக்கியதில்லை, அவருக்கு அது தெரியவில்லை. அத்தைக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மாசியில் அப்பாவுக்கு வருஷத் திதி. எல்லாரும் வருவார்கள். நீ உன் காரிலேயே வா. பாப்பாவை முன்னால் உட்கார வைத்துக் கூட்டி வா, கால் கழுவாமலே ஏறட்டும். படையல் போடுவதற்கு முன்னால் கொட்டகைக் கதவைத் திறந்து அத்தையையும் மற்றவர்களையும் நானே கூப்பிடுவேன். அந்த இடத்தின் மேல் கையை வைத்து, இப்படித்தான் தேய்த்தேன் என்று காட்டுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீ எதுவும் பேச வேண்டாம். என்னை மன்னித்தேன் என்றும் சொல்ல வேண்டாம், எனக்காக ஒரு தடவை நீ சொன்னதே போதும். பக்கத்தில் வந்து நில்லு. இந்தத் தடவை நான் அடுப்படி வாசலில் நிற்க மாட்டேன்.

அம்மா